குழாயடியில் நான் சொன்ன ஒரு சொல்

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர் பேச ஆரம்பித்தால் மணி அடித்தாலும் நிறுத்த மாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என்னிடம் படித்த பெண் ஒருத்தி போன் செய்தாள். அவளுக்கே இப்போது நாற்பது வயது. "டீச்சர், என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. ரெண்டு மாசமா யார்கிட்டயும் முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கிறா. நீங்க கொஞ்சம் பேசுங்களேன்" என்றாள். விசாரித்தேன். வீட்டில் அண்ணன் தம்பி சேர்ந்து நடத்திய கடை பாகம் பிரிந்துவிட்டது. வாய்த்தகராறு, வக்கீல் நோட்டீஸ் வரைக்கும் போயிருக்கிறது. பெரியப்பா மகளும் இந்தப் பெண்ணும் ஒரே வகுப்பு. எல்.கே.ஜி.யிலிருந்து ஒன்றாகப் போய் வந்தவர்கள். இப்போது தெருவில் ஆளுக்கொரு ஓரமாகப் போகிறார்களாம்.

"நாங்க அவகூடப் பேசாதேன்னு ஒரு வார்த்தை சொல்லல டீச்சர். அவளாத்தான் நிறுத்திட்டா" என்றாள்.

அந்த ஒரு வாக்கியம் அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை. எங்கள் வீட்டிலும் யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் நிறுத்தினேன். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. என் பிள்ளைகளிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

என் அப்பா ரயில்வேயில் ஃபயர்மேன். கரி இன்ஜினில் கரி அள்ளிப் போடுகிற வேலை. ஊர்ப் பெயரும் ஆட்கள் பெயரும் வேண்டாம். காலனியில் இருந்தவர்களுக்குப் படித்தாலே தெரியும். டியூட்டிக்கு நேரம் காலம் கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கு கால் பாய் வந்து கதவைத் தட்டுவான். ஒரு கையில் லாந்தர், ஒரு கையில் நோட்டு. அப்பா அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு முகம் கழுவுவார். அம்மா அதற்குள் அடுப்பு பற்றவைத்திருப்பார். போனால் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. திரும்பி வரும்போது கண்ணும் பல்லும் மட்டும்தான் வெள்ளையாகத் தெரியும்.

எங்கள் வரிசையில் மூன்றாவது குவார்ட்டர்ஸில் இன்னொரு ஃபயர்மேன் குடும்பம். அவரை நான் மாமா என்றும் அவர் மனைவியை அத்தை என்றும்தான் கூப்பிடுவேன். அவர்களுடைய இரண்டாவது மகளும் நானும் ஒரே வகுப்பு. பள்ளிக்கூடம் ஒன்றரை மைல். இரண்டு பேருக்கும் ஒரே குடை. லோகோ ஷெட்டுக்குப் பின்னால் சாம்பல் மேடு இருக்கும். அதில் எரியாமல் மிச்சம் கிடக்கும் கரித்துண்டைப் பொறுக்கி ஆளுக்குப் பாதியாகப் பிரித்து வீட்டுக்குக் கொண்டுபோவோம். அவள் வீட்டு மோர்க்குழம்பு எனக்கு. எங்கள் வீட்டு அடை அவளுக்கு. அவள் 'ழ' எழுதினால் அதன் வால் அடுத்த வரி வரைக்கும் தொங்கும். தமிழ் ஐயா அதற்காகத் திட்டுவார். அவள் மாற்றிக்கொள்ளவே இல்லை.

1974ஆம் வருஷம். நான் ஒன்பதாவது முடித்துவிட்டு லீவில் இருந்தேன். சித்திரை மாதம் முழுக்க காலனியில் கூட்டம், கொடி, கோஷம். போனஸ் வேண்டும், சம்பளம் உயர வேண்டும், இன்ஜினில் ஓடுகிறவர்களுக்கு எட்டு மணி நேர வேலை வேண்டும் என்று கேட்டார்கள். மே 2ஆம் தேதி ஜார்ஜ் பெர்னாண்டசைக் கைது செய்தார்கள். மே 8ஆம் தேதி நாடு முழுக்க ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் 17 லட்சம் பேர் என்பார்கள். எனக்குத் தெரிந்த கணக்கு எங்கள் வரிசையில் இருந்த பன்னிரண்டு வீடுதான்.

அப்பா முதல் நாளே வீட்டை விட்டுப் போய்விட்டார். போலீஸ் ராத்திரியில் வந்து கதவைத் தட்டும் என்று பயம். எங்கே இருக்கிறார் என்று அம்மாவுக்கு மட்டும் தெரியும். "யார் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லணும்" என்று எனக்கும் தம்பிக்கும் பாடம். தம்பி சின்னப் பையன். பால்காரர் "அப்பா சௌக்கியமா?" என்று கேட்டதற்கே "தெரியாது" என்றான்.

அந்த நாட்களில் எனக்கு நன்றாக நினைவிருப்பது அமைதி. பிறந்ததிலிருந்து ரயில் சத்தத்தில் தூங்கியவர்கள் நாங்கள். ஷண்டிங் சத்தம், நீராவிச் சத்தம், விசில் எதுவும் இல்லாத ராத்திரியில் தூக்கம் வரவில்லை. காலனி முழுக்க எல்லா வீட்டிலும் ஆட்கள் புரண்டுகொண்டிருப்பது போலிருக்கும்.

நான்காவது ராத்திரி ஒரு விசில் கேட்டது. அம்மா எழுந்து உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். யாரோ வண்டியை எடுத்துவிட்டார்கள். விடிவதற்குள் யார் யார் வேலைக்குப் போனார்கள் என்று காலனிக்கே தெரிந்துவிட்டது. எங்கள் வரிசையில் ஒரே ஒருவர். மூன்றாவது குவார்ட்டர்ஸ் மாமா.

அவர் ஏன் போனார் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பெரிய பெண்ணுக்கு ஆனியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். அதற்காக என்றார்கள். பயந்துவிட்டார் என்றார்கள். பிரமோஷனுக்கு ஆசைப்பட்டார் என்றார்கள். எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

வேலைநிறுத்தத்தின்போது வேலைக்குப் போகிறவனை என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கருங்காலி. கருங்காலி நல்ல மரம். எங்கள் வீட்டு உலக்கையே கருங்காலிதான். ஆனால் ரயில்வே காலனியில் அந்தச் சொல்லுக்கு வேறு கனம். 1946 செப்டம்பரில் பொன்மலையில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் செத்ததை அப்பா கதை போல எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அந்தக் கதை கேட்டு வளர்ந்த வீட்டில், அதைவிடக் கேவலமான வசவு கிடையாது.

காலையில் குழாயடிக்கு நான்தான் போவேன். ஒரே குழாய், பன்னிரண்டு வீடு. குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்க வேண்டும். அன்றைக்குப் பெண்கள் பேசிக்கொண்டிருந்ததே மாமாவைப் பற்றித்தான். அவள் குடத்தோடு வந்தாள். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். தினமும் செய்வது போல என் குடத்துக்குப் பின்னால் அவள் குடத்தை வைத்தாள்.

நான் அதைக் காலால் தள்ளினேன். குடம் உருண்டு சாக்கடை ஓரத்தில் போய் இடித்தது. "கருங்காலி வீட்டுக் குடம் எங்க குடத்துக்குப் பக்கத்துல நிக்கக் கூடாது" என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு வரிசையில் ஒரு அக்கா, "அப்படிச் சொல்லுடி. அப்பனுக்கு ஏத்த பொண்ணு" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவள் குடத்தை எடுத்தாள். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. தண்ணீர் பிடிக்காமல் திரும்பிப் போனாள்.

எனக்கு அப்போது வெட்கமாக இருந்தது என்று எழுதினால் பொய். பெருமையாக இருந்தது. அதுவரைக்கும் குழாயடியில் நான் சின்னப் பெண். பெரியவர்கள் பேசும்போது "நீ போ அந்தப் பக்கம்" என்று விரட்டப்படுகிறவள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னையும் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். நான் பெரிய மனுஷியான நாள் எது என்று கேட்டால் அந்த நாளைத்தான் சொல்ல வேண்டும். நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "குடத்த இறக்கி வை, இடுப்பு வலிக்கும்" என்றார். திட்டவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. வீட்டில் அரிசி இல்லை, கணவன் எங்கோ ஒளிந்திருக்கிறான். அவரிடம் அதற்கு மேல் தெம்பு இல்லை என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு அந்த மௌனத்தை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மே 27ஆம் தேதி போராட்டத்தை விலக்கிக்கொண்டார்கள். அப்பா தாடியோடு வந்தார். பலரை உடனே வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். பலருக்கு வேலை போனது. அப்பாவுக்குப் போனது. ஆவணிக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு லெவல் கிராசிங்குக்கு அந்தப் பக்கம் ஓட்டு வீடு ஒன்றுக்கு வாடகைக்குப் போனோம். அப்பா ஒரு ரைஸ் மில்லில் பாய்லருக்கு உமி தள்ளும் வேலைக்குப் போனார். "எங்க போனாலும் எனக்கு நெருப்புதான்" என்று சிரிப்பார். அம்மாவின் தோடு போனது. காலையில் அம்மா இட்லி அவிப்பார். பள்ளிக்கூடம் போகும் முன் நான் அதை நாலு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வருவேன். தம்பியை அத்தை வீட்டுக்கு அனுப்பினோம். அவன் போன பிறகு ராத்திரிச் சாப்பாட்டில் நாங்கள் மூன்று பேரும் பேசிக்கொள்வதே குறைந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் நான் பெஞ்சு மாறி உட்கார்ந்தேன். வேலை போனவர்களின் பிள்ளைகள் நாங்கள் நாலு பேர் ஒரு கூட்டு. பெரிய வீராங்கனைகள் மாதிரி நடந்துகொள்வோம். அதுவும் நிலைக்கவில்லை. மூன்று மாதத்தில் அதில் ஒருத்தியின் அப்பாவைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து அவள் சாயங்காலம் எனக்காகக் காத்திருப்பதை நிறுத்தினாள். சண்டை ஒன்றும் இல்லை. காலனிப் பக்கம் போகிறவர்களோடு போய்விட்டாள். லெவல் கிராசிங்கில் கேட் மூடியிருந்தபோது தனியாக நின்றுகொண்டு அழுதேன். எதிரில் சரக்கு வண்டி போய்க்கொண்டிருந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனவளின் முதுகு அன்றைக்குத்தான் முதலில் ஞாபகம் வந்தது.

அந்தத் தை மாதம் அம்மாவுக்கு டைபாய்டு. இருபது நாளுக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. திரும்பிப் போன அன்று என் இடத்தில் ஒரு நோட்டு இருந்தது. பழுப்பு அட்டை, பெயர் எழுதவில்லை. நான் வராத நாட்களில் நடந்த பாடம் எல்லாம் எழுதியிருந்தது. விஞ்ஞானம், பூகோளம், கணக்கு. படம்கூட வரைந்து பாகம் குறித்திருந்தது. முதல் பக்கத்திலேயே ஒரு 'ழ' அடுத்த வரி வரைக்கும் தொங்கிக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நோட்டை வைத்துத்தான் பத்தாவது பாஸ் செய்தேன். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. போய்ப் பேசினால் குழாயடியைப் பற்றியும் பேச வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. கோபம் எப்போதோ போய்விட்டது. வெட்கம்தான் தடுத்தது. வெளியே இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், பிள்ளைகளே. முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற பிள்ளை கோபமாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. 1976இல் எஸ்.எஸ்.எல்.சி. முடிந்ததும் அந்த நோட்டைப் பழைய பேப்பர் கடையில் மற்றதோடு சேர்த்துப் போட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தேன். 1977இல் மத்தியில் ஆட்சி மாறியது. மது தண்டவதே ரயில்வே மந்திரி ஆனார். வேலை இழந்தவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அப்பாவும் மறுபடி கரி அள்ளப் போனார். அதற்குள் மாமா டிரைவர் ஆகிவிட்டிருந்தார். முதல் வாரத்திலேயே இரண்டு பேருக்கும் ஒரே இன்ஜினில் டியூட்டி. அப்பா என்ன செய்வாரோ என்று நான் நெஞ்சு பதறக் காத்திருந்தேன். அவர் மறுநாள் வந்து, "அவர் கொண்டுவந்த மோர்ச்சாதம் சாப்பிட்டேன்" என்றார்.

"அவரோட எப்படிப்பா பேசினீங்க?" என்று கேட்டேன்.

"இன்ஜின்ல ஏறிட்டா பேசித்தான் ஆகணும். நான் கரி போடலேன்னா அவர் எப்படி ஓட்டுவார்? அவர் சரியா ஓட்டலேன்னா நான் எங்க இருப்பேன்? அவர் கஷ்டம் அவருக்கு" என்றார். அவ்வளவுதான். அடுத்து சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டார்.

அந்த ராத்திரி எனக்கு ஒன்று உறைத்தது. சண்டை பெரியவர்களுடையது. நான் அதைக் கடன் வாங்கிக்கொண்டேன். அவர்கள் தங்கள் கணக்கை ஒரு தூக்கு மோர்ச்சாதத்தில் முடித்துவிட்டார்கள். என் கணக்கு அப்படியே நின்றது. மறுநாள் அவளைத் தேடிப் போனேன். அத்தை வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். "சித்திரையிலதான் கல்யாணம் முடிஞ்சுது. மாப்பிள்ளைக்கு வடக்க வேலை" என்றார். காபி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அப்பா கேட்ட போனஸ் 1979இல் வந்தது. புடவை எடுத்துக் கொடுத்தார். நான் வேலைக்குச் சேர்ந்தேன். கல்யாணம், பிள்ளைகள், ஊர் ஊராக மாறுதல். உங்களையெல்லாம் பார்த்தேன்.

என் வகுப்பில் படித்தவர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். சாக்பீஸ் வாங்கிவர, ரெஜிஸ்டர் கொண்டுபோய்க் கொடுக்க, செடிக்குத் தண்ணீர் ஊற்ற எப்போதும் இரண்டு பேரைத்தான் அனுப்புவேன். ஒரு சாக்பீஸ் டப்பாவுக்கு எதற்கு டீச்சர் ரெண்டு பேர் என்று கிண்டல் செய்வீர்கள். பெஞ்சு மாறி உட்கார்ந்த ஜோடியாகப் பார்த்துத்தான் அனுப்பினேன். இப்போது சொல்லிவிட்டேன்.

அதுவும் நான் பட்டுத் தெரிந்துகொண்டதுதான். 1996 உள்ளாட்சித் தேர்தலில் எட்டாம் வகுப்பில் இரண்டு பையன்களின் அப்பாக்கள் எதிரெதிராக நின்றார்கள். பையன்கள் பேச்சை நிறுத்தினார்கள். நான் பெரிய காரியம் செய்வதாக நினைத்துக்கொண்டு இருவரையும் வகுப்புக்கு முன்னால் நிறுத்திக் கை குலுக்கச் சொன்னேன். குலுக்கினார்கள். மறுநாள் இரண்டு பேருமே பள்ளிக்கூடம் வரவில்லை. நாலு பேர் பார்க்கச் சண்டை போடுவது சுலபம். எனக்கு அது நன்றாகத் தெரியும். நாலு பேர் பார்க்கச் சமாதானம் ஆவது அந்த வயதில் முடியாது. அதற்கு யாரும் பார்க்காத இடமும், கையில் ஏதாவது ஒரு வேலையும் வேண்டும். இன்ஜினில் அப்பாவுக்கும் மாமாவுக்கும் கிடைத்தது அதுதான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. இப்போதும் நான் தண்டவாளத்துக்குப் பக்கத்தில்தான் குடியிருக்கிறேன். ஒருநாள் ராத்திரி விழித்துக்கொண்டேன். என்னவோ குறைகிறதே என்று யோசித்தேன். ரயில் ஓடவில்லை. பதினான்கு வயதில் கேட்ட அதே அமைதி. விடியும் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். பிறகு காலனிக்காரர் ஒருவரிடம் கேட்டு, அவர் இன்னொருவரிடம் கேட்டு, நம்பர் கிடைத்தது. கிடைத்த பிறகும் பத்து நாள் தள்ளிப்போட்டேன்.

என் பெயரைச் சொன்னதும் "நீயாடி?" என்றாள். குரல் மாறவில்லை. உடம்பு, பிள்ளைகள், பேரன் பேத்தி எல்லாம் பேசி முடித்தோம். பிறகு நான் குழாயடியைச் சொன்னேன். உனக்கு ஞாபகம் இருக்கா என்று கேட்டேன். மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடுவாள், நான் தப்பித்துவிடலாம் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்திருக்க வேண்டும்.

"அதுக்கப்புறம் நான் குழாய்க்கே போகலடி. அம்மாதான் எல்லாரும் தூங்கினப்புறம் ராத்திரி பதினொரு மணிக்குப் போய்ப் பிடிச்சுட்டு வருவாங்க. மழைக்காலம் வரைக்கும் அப்படித்தான்" என்றாள்.

இது எனக்குத் தெரியாது. இத்தனை வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒரு குடம், ஒரு சொல். அந்தச் சொல்லுக்காக ஒரு அம்மா இருட்டில் தண்ணீர் சுமந்தார். எனக்குக் காபி கொடுத்த அதே அத்தை.

"மன்னிச்சுக்கடி" என்றேன். "நோட்டுக்கு ரொம்ப தேங்க்ஸ்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "சரி விடு. படம் எல்லாம் அக்கா வரைஞ்சது. எனக்கு எங்க படம் வரும்?" என்றாள். இருவரும் சிரித்தோம். இப்போது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பேசிக்கொள்கிறோம். பழைய மாதிரி இல்லை. அது இனி வராது. ஆனாலும் பேசுகிறோம்.

போன வாரம் அந்தப் பெண்ணிடம் நான் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. இந்தக் கதையைத்தான் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு, "நோட்டு கிடைச்ச அன்னைக்கே நீங்க ஏன் போய்ப் பேசல டீச்சர் பாட்டி?" என்று கேட்டாள்.

"வெட்கம்" என்றேன்.

"எனக்கும் அதான்" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அவள் என்ன செய்வாள் என்று தெரியாது. அவள் அம்மாவிடம் மட்டும் ஒன்று சொன்னேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். வீட்டில் சண்டை வராமல் இருக்காது. அண்ணன் தம்பி, மாமன் மச்சான், கட்சி, சொத்து, எல்லாம் வரும். "பேசாதே" என்று நீங்கள் சொல்லவில்லை என்பது போதாது. "நீ அவகூடப் பேசலாம்மா. அது எங்க சண்டை, உன்னோடது இல்ல" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். பிள்ளைகள் நம் மௌனத்தையும் பாடமாகப் படித்துவிடுவார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் கரும்பலகைக்கு முன்னால் நின்றவள் சொல்கிறேன், நாம் நடத்தாத பாடத்தைத்தான் அவர்கள் மறப்பதே இல்லை.

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்